சின்ன ஊரில் தன்பாலீர்ப்பினராக வாழ்வது: ஏற்பைத் தேடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சின்ன ஊரில் யார் வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்பது பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வண்டிச் சத்தத்தை வைத்தே வருவது யார் என்று சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஆணுக்கு ஆண்கள் மீதுதான் காதல் வருகிறது என்றோ, ஒரு பெண்ணுக்குப் பெண்கள் மீதுதான் வருகிறது என்றோ தெரியவரும்போது முதலில் எழுவது ஒரே கேள்விதான்: 'ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?'

நானும் அப்படி ஓர் ஊரில் வளர்ந்த ஆண்தான். இந்தக் கேள்வியைப் பல வருடம் சுமந்திருக்கிறேன். பிறகு மெல்ல மெல்லத்தான் புரிந்தது, ஊர் என்று ஓர் ஆள் கிடையாது. நாம் ஊர் என்று நினைத்துப் பயப்படுவது இருபது முப்பது தெரிந்த முகங்களை. அவர்களில் சிலர் நம்மை இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்தவர்கள், சிலர் நம்மோடு பள்ளிக்கு வந்தவர்கள், சிலர் எதற்கும் வாய் பேசுபவர்கள். மொத்த ஊரும் ஒரே நாளில் நம்மை ஏற்றுக்கொள்ளாது. ஒவ்வொருவராகத்தான் நடக்கும். யாரிடம் முதலில், யாரிடம் அப்புறம், யாரிடம் சொல்லவே வேண்டாம் என்கிற வரிசை மட்டும் நம் கையில் இருக்கிறது. அந்த வரிசையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல்லைப் பற்றி

செய்திகளில் அதிகம் புழங்கிய சொல் 'ஓரினச்சேர்க்கை'. அதைக் கேட்டதுமே கேட்பவர் மனம் நேராகப் படுக்கையறைக்குப் போய்விடும். 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் யார் மீது மனம் போகிறது, யாரோடு வாழத் தோன்றுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. வீட்டில் பேசும் நாள் வரும்போது இந்த வித்தியாசம் பெரிதாக உதவும். 'கே', 'லெஸ்பியன்' என்ற சொற்கள் உங்களுக்குப் பொருந்துகின்றன என்றால் அவையே போதும். எந்தச் சொல்லும் ஒட்டவில்லை என்றால் சொல்லே இல்லாமலும் சொல்லலாம்: "எனக்குப் பொண்ணுங்க மேல அந்த மாதிரி ஆசை வந்ததே இல்ல. பசங்க மேலதான் வருது." இதைவிடத் தெளிவு வேண்டியதில்லை.

முதல் படி: உங்களிடம் நீங்களே சொல்வது

மற்றவர்களின் ஏற்பைத் தேடிப் போகுமுன், உங்களுக்குள் வழக்கு முடிந்திருக்க வேண்டும். 'இது தப்பா, நோயா' என்று நீங்களே இன்னும் வாதாடிக்கொண்டிருந்தால், எதிரில் இருப்பவர் அதே கேள்வியைக் கேட்டவுடன் உடைந்துபோவீர்கள்.

நோயா என்பதற்கு விடை கிடைத்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. ஒவ்வோர் ஆண்டும் மே 17ஐ தன்பாலீர்ப்பினர், திருநர் மீதான வெறுப்புக்கு எதிரான நாளாகக் கடைப்பிடிப்பது அதனால்தான். உலக மனநல மருத்துவர் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, ஈர்ப்பை மாற்ற முடியும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றும், மாற்ற முயலும் 'சிகிச்சைகள்' தீங்கு செய்யக்கூடியவை என்றும் சொல்கிறது. இந்த ஆண்டுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வீட்டுக் கூடத்தில் தேவைப்படும்.

அப்படியானால் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது? ஈர்ப்பு தரும் கனம் இல்லை அது. மறைப்பதற்காக நாள் முழுக்கச் செலவாகும் கவனம். எந்தப் பெயரை வாய்தவறிச் சொல்லிவிட்டோம், யாரை எவ்வளவு நேரம் பார்த்தோம், நடை எப்படி இருந்தது என்று ஓயாமல் கணக்கு வைப்பது. ஆய்வாளர் இலான் மேயர் 2003இல் எழுதிய கட்டுரை இதைச் 'சிறுபான்மை மன அழுத்தம்' என்று விளக்குகிறது: நேரடியாக யாரும் எதுவும் செய்யாதபோதும், செய்துவிடுவார்களோ என்ற எதிர்பார்ப்பும் மறைத்தலுமே உடலையும் மனதையும் அரிக்கின்றன. சின்ன ஊரில் இது கூடுதல். பார்க்கும் கண்கள் எல்லாமே தெரிந்த கண்கள்.

'இந்த ஊரில் நான் ஒருவன்தான்' என்ற எண்ணம் இருந்தால் அதையும் இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். 2019இல் வெளிவந்த ஓர் அறிக்கை, அமெரிக்காவின் கிராமப்புறங்களில் மட்டும் 29 லட்சம் முதல் 38 லட்சம் வரை பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர், திருநர் முதலானோர்) வாழ்வதாக மதிப்பிட்டது. எல்லோரும் நகரத்துக்கு ஓடிவிடுவதில்லை. உங்கள் தெருவிலேயே இன்னொருவர் உங்களைப் போலவே கணக்கு வைத்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாம் படி: 'நாளைக் காலை வெளியே போ என்றால்?'

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். யாரிடமும் சொல்லுமுன் ஒரு தாளை எடுத்து (எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்) மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இன்று இரவே வீட்டைவிட்டுப் போகச் சொன்னால் எங்கே படுப்பேன்? மூன்று மாதம் என் கைக்காசில் ஓட்ட முடியுமா? என் சான்றிதழ்களும் அடையாள ஆவணங்களும் வங்கிக் கணக்கும் யார் கையில் இருக்கின்றன?

மூன்றுக்கும் நல்ல விடை இருந்தால் நகரலாம். இல்லையென்றால், விடை கிடைக்கும் வரை காத்திருப்பது கோழைத்தனம் இல்லை. படிப்பை முடிக்கும் வரை, வேலை கிடைக்கும் வரை வாயைத் திறக்காமல் இருந்தவர்கள்தான் பிறகு நிமிர்ந்து பேசியிருக்கிறார்கள். 'உண்மையாக இரு, உடனே சொல்லிவிடு' என்று தூரத்திலிருந்து தைரியம் தருபவர்கள் அன்றிரவு உங்களுக்குப் படுக்க இடம் தரப்போவதில்லை.

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். உலகில் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பாலுறவு இன்றும் குற்றம். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் 2023 அக்டோபரில் தன்பால் திருமண உரிமையை அங்கீகரிக்க மறுத்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பரில், ஆண்கள் இடையிலான உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஏ பிரிவை நீக்கியது. மலேசியாவிலும் இலங்கையிலும் ஆங்கிலேயர் காலத்துச் சட்டப் பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. சட்டம் உங்கள் பக்கம் இருக்கும் இடத்தில், மிரட்டுபவரிடம் 'காவல் நிலையத்துக்குப் போகலாம், வா' என்று சொல்ல முடியும். இல்லாத இடத்தில் அந்த வாசல் அடைபட்டிருக்கும். உங்கள் முடிவுகளின் வேகம் இதைப் பொறுத்தது.

மூன்றாம் படி: கைப்பேசியைக் கட்டுக்குள் வைப்பது

சின்ன ஊர்களில் ரகசியம் உடைவது பெரும்பாலும் வாயால் இல்லை, கைப்பேசியால். அறிவிப்புத் திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரிவதை நிறுத்துங்கள். உங்கள் படங்கள் வீட்டிலுள்ள வேறு கருவியிலும் தானாகப் போய்ச் சேர்கின்றனவா என்று பாருங்கள். கைப்பேசி எடுக்கும் படத்துக்குள்ளேயே எடுத்த இடத்தின் விவரம் பதிந்திருக்கலாம். கேமரா அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள்.

சந்திப்புச் செயலிகளில் 'இத்தனை மீட்டர் தூரத்தில்' என்று காட்டும் வசதியைக் கண்டிப்பாக மூடிவையுங்கள். மூன்று இடங்களிலிருந்து தூரத்தை அளந்தால் உங்கள் வீட்டையே கண்டுபிடித்துவிட முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்தே காட்டியிருக்கிறார்கள். பெருநகரத்தில் 500 மீட்டருக்குள் பல்லாயிரம் பேர் இருப்பார்கள். உங்கள் ஊரில் நாற்பது வீடு இருக்கும். முகம் இல்லாத படம் போட்டால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். பின்னால் தெரியும் ஜன்னல் கம்பியை, சுவரின் வண்ணத்தை, கையிலிருக்கும் கடிகாரத்தை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

நேரில் சந்திப்பதற்கு முன் ஒரு காணொளி அழைப்பு. முதல் சந்திப்பு எப்போதும் பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், முடிந்தால் இருவரையும் தெரியாத வேறோர் ஊரில். எங்கே போகிறீர்கள் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். எகிப்தில் காவல்துறையே இத்தகைய செயலிகளில் போலிக் கணக்கு வைத்து ஆட்களைப் பிடித்திருக்கிறது. மற்ற இடங்களில் அந்த வேலையைப் பணம் பறிக்கும் கூட்டங்கள் செய்கின்றன.

யாராவது 'வீட்டுக்குச் சொல்லிவிடுவேன்' என்று காசு கேட்டால், முதல் தொகையைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகை ஏறும். உரையாடலைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள், பதில் சொல்வதை நிறுத்துங்கள், நம்பகமான ஒருவரிடமோ வழக்கறிஞரிடமோ அன்றே பேசுங்கள். இந்த நிலையில் பலர் உயிரை விடும் அளவுக்குப் போய்விடுகிறார்கள். மிரட்டுபவருக்கு இருக்கும் ஒரே பலம் உங்கள் தனிமைதான். அதனால் இரண்டாவது ஆளிடம் சொல்லிவிடுவதே பாதி மருந்து.

நான்காம் படி: ஊருக்கு வெளியே நாலு பேர்

ஊருக்குள் யாரிடமும் சொல்வதற்கு முன், ஊரோடு தொடர்பே இல்லாத நாலு பேரைச் சம்பாதியுங்கள். அருகில் உள்ள நகரத்தின் பால்புதுமையினர் குழு, இணையத்தில் உங்கள் மொழியில் பேசும் குழு, தொலைபேசியில் கேட்கும் ஆற்றுப்படுத்துநர், எதுவானாலும் சரி. இவர்களிடம் நீங்கள் ஒத்திகை பார்க்கலாம். 'நான் கே' என்ற வாக்கியத்தை வாயால் சத்தமாகச் சொல்வது முதல் தடவை நடுங்கும், பத்தாவது தடவை நடுங்காது. அந்தப் பத்துத் தடவையை அம்மாவிடம் தொடங்க வேண்டாம்.

உடல்நலத்துக்கும் இதையே செய்யுங்கள். உள்ளூர் மருத்துவர் அப்பாவின் நண்பராக இருந்தால், எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் தடுப்பு மாத்திரைக்கும் அடுத்த நகரத்துக்குப் போங்கள். தூரம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஐந்தாம் படி: ஊருக்குள் முதல் ஆள்

இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். மிக நெருக்கமானவரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். நெருக்கம் ஒரு தகுதிதான், ஆனால் முதல் தகுதி வாயைக் கட்டி வைத்திருக்கத் தெரிவது. ஒருவர் உங்களிடம் மற்றவர்களின் ரகசியங்களை எப்படிச் சொல்கிறார் என்று கவனியுங்கள். அடுத்த வீட்டுப் பெண்ணின் கதையை உங்களிடம் சுவையாகச் சொல்பவர், உங்கள் கதையை அடுத்த வீட்டில் சுவையாகச் சொல்வார். நான் முதலில் சொன்ன நண்பன் நல்லவன், என் மேல் பிரியம் உள்ளவன், ஆனால் வாய் தாங்காதவன். மூன்றே நாளில் என் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. என் வாயால் கேட்டிருந்தால் அண்ணன் எப்படி எடுத்துக்கொண்டிருப்பான் என்பது எனக்கு இனி எப்போதும் தெரியப்போவதில்லை. அந்த வாய்ப்பு போனது போனதுதான்.

இரண்டாவது தகுதி, உங்கள் குடும்பத்தில் எடுபடும் குரல். சித்தி, மாமா, மூத்த அக்கா, பழைய ஆசிரியர் என்று யாராகவும் இருக்கலாம். பிறகு வீட்டில் வெடிக்கும்போது, 'எனக்கு முன்னமே தெரியும், பிள்ளை பிள்ளைதான்' என்று சொல்லக்கூடிய ஆள்.

ஆழம் பார்க்க ஒரு வழி உண்டு. செய்தியில் வந்த ஒரு நிகழ்வைப் பேச்சுவாக்கில் எடுத்துப் போடுங்கள். அயர்லாந்து வேண்டுமானால் நல்ல உதாரணம். அங்கே 1993 வரை ஆண்கள் இடையிலான உறவு குற்றம். 2015 மே 22 அன்று தன்பால் திருமணத்துக்கு நடந்த பொதுவாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 'இப்படி ஆயிருக்காமே' என்று சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள். சிரித்துக் கேலி செய்கிறாரா, 'அவங்கவங்க இஷ்டம்' என்கிறாரா, 'பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாங்க' என்கிறாரா? மூன்றாவது ஆள் கிடைத்தால் விடாதீர்கள். முதல் பதில் வந்தாலும் உடனே தள்ளிவிட வேண்டாம். பொதுவாகப் பேசும்போது கடுமையாக இருப்பவர்கள் சொந்தப் பிள்ளை என்று வந்ததும் மாறியதைப் பார்த்திருக்கிறேன். முதல் ஆளாக மட்டும் அவரை வைக்காதீர்கள்.

சொல்லும்போது இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சேர்த்துச் சொல்லுங்கள்: இப்போதைக்கு யார் யாருக்குத் தெரியும், அவரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள். "இது உனக்கு மட்டும்தான் தெரியும். நீ எதுவும் செய்ய வேண்டாம், தெரிஞ்சு வச்சிருந்தா போதும்." பாதிப் பேர் பதறுவது, தாங்கள் ஏதோ செய்தாக வேண்டும் என்று நினைத்துக்கொள்வதால்தான்.

இந்த ஓர் ஆள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் ட்ரெவர் ப்ராஜெக்ட் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, தன்னை ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவராவது இருந்த பால்புதுமை இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்வது 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஊரே வேண்டியதில்லை, ஒருவர் போதும்.

ஆறாம் படி: வீடு

நேரம் பார்க்க வேண்டும். விசேஷ நாள், துக்க நாள், சண்டை நடந்துகொண்டிருக்கும் நேரம் இவை வேண்டாம். கோபத்தில் 'ஆமா, நான் அப்படித்தான்' என்று எறிந்துவிட்டால் அந்தச் சொல் ஆயுதமாகவே அவர்கள் மனதில் நிற்கும். மறுநாள் யாருக்கும் அவசர வேலை இல்லாத நாளாகப் பார்த்து, முதலில் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். அம்மாவா அப்பாவா என்பதற்குப் பொது விதி கிடையாது. இதற்கு முன் உங்கள் பெரிய தோல்வி ஒன்றை யார் அமைதியாகத் தாங்கினார்களோ, அவர்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்ல முடியாம இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகல, நான் நல்லா இருக்கேன். எனக்குக் கல்யாணம் வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு..." இப்படித் தொடங்கலாம். 'நான் நல்லா இருக்கேன்' என்பது கட்டாயம் முதலிலேயே வரட்டும். 'ஒன்று சொல்ல வேண்டும்' என்றதும் பெற்றவர் மனம் உயிர்ப் பயத்துக்குத்தான் போகும்.

அப்புறம் வரும் கேள்விகள் எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான். 'நாங்க வளர்த்ததுல என்ன தப்பு?' எந்தத் தப்பும் இல்லை. வளர்ப்பால் இது வருவதும் இல்லை போவதும் இல்லை. 'டாக்டரைப் பார்க்கலாமா?' பார்க்கலாம், 1973ஐயும் 1990ஐயும் தெரிந்த மனநல மருத்துவராக இருந்தால். மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அம்மா அழுதாலும் இறங்க வேண்டாம். 'ஊர் என்ன சொல்லும்?' இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: 'நாங்கள் தனியாகிவிடுவோமா?' அதற்குப் பதில் சொல்லுங்கள். 'எங்களுக்கு வயசான பிறகு உனக்கு யார் இருப்பாங்க?' என்பதும் பயம்தான், வெறுப்பு இல்லை. பெற்றவர்கள் அழுவது பெரும்பாலும் உங்களுக்காகப் போட்டு வைத்திருந்த ஒரு வாழ்க்கைப் படம் கிழிந்ததற்காக. அந்தத் துக்கத்துக்கு நாள் கொடுங்கள். நீங்கள் பத்து வருடம் எடுத்துக்கொண்டு புரிந்துகொண்டதை அவர்கள் ஒரே இரவில் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை.

ஆனால் நாள் கொடுப்பதும் அடி வாங்குவதும் ஒன்றில்லை. கை ஓங்கினால், அறையில் பூட்டினால், கைப்பேசியைப் பறித்தால், கட்டாயக் கல்யாணத்துக்கு நாள் குறித்தால், இரண்டாம் படியில் எழுதிய இடத்துக்குப் போய்விடுங்கள். பேச்சைத் தூரத்திலிருந்தும் தொடரலாம். பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சின்ன ஊரில் ஒரு பையன் நாலு நாள் வெளியூர் போனால் யாரும் கேட்பதில்லை. பெண் ஒரு மணி நேரம் தாமதித்தால் கேட்பார்கள். அதனால் லெஸ்பியன் தோழிகளுக்கு நான் சொல்வது, ஆவணங்களும் காசும் உங்கள் கைக்கு வரும் வரை வீட்டுப் பேச்சைத் தள்ளிப்போடுங்கள்.

ஒன்றை மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டை அமைதிப்படுத்த எதிர்பாலினத்தவர் ஒருவரை, உண்மையைச் சொல்லாமல், கல்யாணம் செய்துகொள்ளாதீர்கள். உங்கள் கஷ்டம் அப்போது இன்னொரு உயிரின் கஷ்டமாகவும் ஆகிவிடும். 'தன்னிடம்தான் ஏதோ குறை' என்று ஆயுள் முழுக்க நினைத்துக்கொண்டு ஒரு பெண் வாழ்வதற்கு நாம் காரணமாகக் கூடாது.

பெற்றவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கு ஒரு வரி. கெய்ட்லின் ரயன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இளவயதில் குடும்பத்தின் புறக்கணிப்பை மிக அதிகம் சந்தித்தவர்கள், அதிகம் சந்திக்காதவர்களைவிட 8 மடங்குக்கும் மேலாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். உங்கள் சொல்லுக்கு அவ்வளவு எடை.

அதே எடையை நல்லதற்கு வைத்த ஓர் அம்மா உண்டு. ஜீன் மேன்ஃபோர்ட் என்ற பள்ளி ஆசிரியை. 1972இல் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பினர் உரிமைக்காக நடந்த ஊர்வலத்தில் தன் மகன் மார்ட்டியோடு, தன்பாலீர்ப்பினரின் பெற்றோர்களே பிள்ளைகளுக்காக ஒன்று சேருங்கள் என்று எழுதிய அட்டையைப் பிடித்து நடந்தார். வழியில் இளைஞர்கள் ஓடி வந்து, எங்கள் வீட்டிலும் பேசுங்கள் என்று அவரிடம் கெஞ்சினார்கள். அடுத்த ஆண்டு, 1973 மார்ச்சில், சுமார் 20 பேருடன் ஒரு தேவாலயத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். பிஃப்ளாக் என்ற அந்த அமைப்புக்கு இன்று நூற்றுக்கணக்கான கிளைகள், சிற்றூர்களிலும்கூட. உங்கள் அம்மாவுக்கு உங்களைவிட அதிகம் தேவைப்படுவது, இதைக் கடந்து வந்த இன்னோர் அம்மா. அப்படி ஒருவரைத் தேடிப் பேசவைத்தால் நீங்கள் நூறு தடவை விளக்குவதைவிட அது வேலை செய்யும்.

ஏழாம் படி: பேச்சு பரவும்போது

பரவும். வீட்டில் ஒருவருக்கு மேல் தெரிந்துவிட்டால் தடுக்க முடியாது. அதற்குத் தயாராக, உங்கள் வாயால் கேட்க உரிமை உள்ளவர்கள் என்று ஐந்தாறு பேரைக் குறித்து வையுங்கள். வீட்டில் முதல் ஆளுக்குத் தெரிந்த பிறகு மற்றவர்களிடம் சொல்வதை அதிக நாள் இழுக்க வேண்டாம். தெருவிலிருந்து கேட்டு வருந்துவது, செய்தியைவிட அதிகமாகச் சுடும்.

மற்றவர்களுக்கு ஒரு குட்டி பதில் போதும். "ஆமாம், உண்மைதான்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனால் கிசுகிசுவுக்குத் தீனி குறைந்துவிடும். கிசுகிசு வாழ்வது, 'அப்படியாமே' என்ற சந்தேகத்தில். சொல்ல விருப்பமில்லையென்றால் "அது என் சொந்த விஷயம்" என்பதும் முழுப் பதில்தான். எல்லாருக்கும் விளக்கம் தருவது உங்கள் கடன் இல்லை. ஆனால் அடி, மிரட்டல், வேலையிலிருந்து நீக்கம் என்று போனால் தேதி போட்டு எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள்.

விடாமல் வாதிடும் ஒருவர் உங்களுக்கு முக்கியமானவராக இருந்தால், வாதத்தை விட்டுவிட்டுக் கேட்டுப் பாருங்கள். டேவிட் ப்ரூக்மேன், ஜோஷுவா கல்லா என்ற இரு ஆய்வாளர்கள் மயாமியில் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. திருநர் பற்றிய தப்பெண்ணத்தைக் குறைக்க வீடு வீடாகப் போய்ச் சுமார் 10 நிமிடம் பேசினார்கள். புள்ளிவிவரம் அடுக்கவில்லை. 'உங்களை யாராவது நீங்கள் வேறு மாதிரி இருப்பதற்காக ஒதுக்கியது உண்டா?' என்று கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேட்டார்கள். தப்பெண்ணம் குறைந்தது; அந்த மாற்றம் 3 மாதமாவது நீடித்தது. சின்ன ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவரே கிடையாது. வறுமைக்காக, நிறத்துக்காக, படிப்பு இல்லாததற்காக, பிள்ளை இல்லாததற்காக ஏதோ ஒன்றுக்காக எல்லோரும் ஒரு தடவையாவது கூனிக் குறுகியிருக்கிறார்கள்.

எட்டாம் படி: ஊரில் இருந்துகொண்டே வாழ்வது

போய்விடலாமா, இருக்கலாமா? உயிருக்கு ஆபத்து என்றால் போங்கள். இல்லையென்றால், இருப்பதற்கும் நல்ல காரணங்கள் உண்டு. வயதான பெற்றோர், நிலம், தொழில், நாம் பேசும் மொழி. நகரம் மறைந்துகொள்ள இடம் தரும். ஆனால் காய்ச்சலில் கிடந்தால் யார் கஞ்சி வைப்பார்கள் என்று அங்கே யோசிக்க வேண்டியிருக்கும்.

கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் சொன்னது: சமமான நிலையில், ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து வேலை செய்யும் இரு தரப்புக்கும் இடையே தப்பெண்ணம் குறைகிறது. சின்ன ஊரில் இது தானாகவே நடக்கக்கூடியது. எல்லோரும் எல்லோருக்கும் தேவை.

இதற்கு எனக்குப் பிடித்த சரித்திரம் வேல்ஸ் நாட்டில் நடந்தது. 1984இல் பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். லண்டனில் இருந்த மார்க் ஆஷ்டனும் நண்பர்களும், தாங்களும் காவல்துறையிடமும் பத்திரிகைகளிடமும் இதே மாதிரி அடி வாங்கியவர்கள்தானே என்று, தன்பாலீர்ப்பினர் குழுவாகவே உண்டியல் குலுக்கிப் பணம் திரட்டினார்கள். தெற்கு வேல்ஸின் டுலைஸ் பள்ளத்தாக்குச் சுரங்கக் குடும்பங்களுக்கு அதைக் கொடுத்தார்கள். அந்தச் சிற்றூர்க்காரர்களில் பலர் அதுவரை ஒரு 'கே'யைத் தெரிந்தே பார்த்ததில்லை. ஒன்ல்வின் ஊரின் தொழிலாளர் மன்றத்துக்கு அவர்களை விருந்தாளிகளாக அழைத்தார்கள். வீடுகளில் தங்க வைத்தார்கள். மறுவருடம், 1985 ஜூனில், தன்பாலீர்ப்பினரின் லண்டன் பெருமித ஊர்வலத்தின் முன்வரிசையில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கொடியோடு நடந்தார்கள். அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் தன்பாலீர்ப்பினர் உரிமைத் தீர்மானம் நிறைவேறியபோது சுரங்கத் தொழிற்சங்கத்தின் வாக்குகள் அதற்குத் துணை நின்றன.

இதிலிருந்து ஒரு தப்பான பாடத்தையும் எடுத்துவிடக் கூடாது. 'ஊருக்கு நான் உழைத்துக்கொண்டே இருந்தால்தான் என்னைப் பொறுத்துக்கொள்வார்கள்' என்று நினைத்து, எல்லார் வீட்டு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது ஏற்பு இல்லை, வாடகை. நீங்கள் ஊரில் இயல்பாக எதைச் செய்வீர்களோ அதைச் செய்யுங்கள். நூலகக் குழுவில் இருங்கள், விளையாட்டுக் குழுவில் இருங்கள், பிடித்தால்.

மாற்றம் சிற்றூர்களிலும் வரும் என்பதற்கு மறுபடி அயர்லாந்துக்குப் போகலாம். 2015 வாக்கெடுப்பில் 43 தொகுதிகளில் 42 ஆம் என்றன. டோனெகல் தென்மேற்கு என்ற கிராமப்புறத் தொகுதியில் வித்தியாசம் வெறும் 33 வாக்கு. ஒரு தெருவில் உள்ள சில வீடுகளின் அளவு அது. யாரோ ஒரு பாட்டி, தன் பேரனை நினைத்துப் போட்ட வாக்கும் அதில் இருந்திருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்பதாம் படி: இருவராக

துணை கிடைத்தபின் ஊரின் முன் எப்படி இருப்பது என்பதை இருவரும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒருவர் வீட்டில் தெரியும், மற்றவர் வீட்டில் தெரியாது என்றால், தெரியாதவரின் வேகத்தில்தான் இருவரும் நடக்க வேண்டும். உறவை எந்த வார்த்தையில் சொல்வது, யார் வீட்டு நிகழ்ச்சிக்கு யார் வருவது என்பதில் முடிவு இருக்கட்டும். திருமணச் சட்டம் இல்லாத நாடுகளில் உயில், வங்கிக் கணக்கின் வாரிசு நியமனம், மருத்துவ அவசரத்தில் முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் எழுதி வைத்துவிடுங்கள். முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவரை மருத்துவமனை வாசலில் 'நீங்க யாரு?' என்று கேட்கும் நிலை வரக்கூடாது.

பத்தாம் படி: அடுத்தவருக்கு

உங்களைப் பற்றி ஊருக்குத் தெரிந்து, பேச்செல்லாம் அடங்கி, நீங்கள் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கும் ஏதோ ஒரு நாளில் ஒரு பையனோ பெண்ணோ உங்களைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பதை உணர்வீர்கள். யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். நீங்களாகப் போய் 'நீயும் அப்படியா?' என்று கேட்காதீர்கள். ஊர் பார்க்க நெருங்கிப் பழகவும் வேண்டாம், அதுவே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். எதிரில் வந்தால் மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பது போலவே சிரியுங்கள், படிப்பு எப்படிப் போகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போனாலும் துரத்திப் போக வேண்டாம். சின்ன ஊர்தானே, உங்கள் வீடு எது என்று அவர்களுக்குத் தெரியும்.